பில்லில் நேற்றைய தேதி வருகிறதா? பிஎச்பி ஸ்கிரிப்டில் தேதி, நேர வார்னிங்குகளைச் சரிசெய்யும் முறை

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் ஐஸ் கம்பெனி, மீன் கமிஷன் மண்டி, லாரி புக்கிங் ஆபீஸ் என்று எங்கே போனாலும் ஏதாவது ஒரு பழைய பில்லிங் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும். எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஹோஸ்டிங் கம்பெனி பிஎச்பி (அந்த ஸ்கிரிப்டை எழுதிய வெப் மொழி) பதிப்பை மாற்றியிருக்கும். ஒரு நாள் பில்லுக்கு மேலே, தேதி பற்றி நாலு வரி ஆங்கிலத்தில் வார்னிங் வந்து நிற்கும். உடனே "கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை" என்று உங்களைக் கூப்பிடுவார்கள். அந்தப் பிள்ளைக்காக எழுதியது இது.

இந்த வார்னிங்கை இணையத்தில் தேடினால் எல்லோரும் அதை அமுக்கும் ஒரே ஒரு வரியைக் கொடுத்து, ஸ்கிரிப்டின் தலையில் போடச் சொல்வார்கள். போட்டால் வார்னிங் போய்விடும், தேதி மட்டும் தப்பாகவே இருக்கும். நான் அல்லாடியது அங்கேதான். அதனால் இங்கே வார்னிங்கைப் போக்குவதைவிட, தேதியைச் சரியாக்குவதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். பங்ஷன் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கோடில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் முதலில் வேண்டும். சொல்ல எளிது, ஆனால் மொத்த வேலையிலும் அதிக நாள் இழுப்பது இதுதான். பல கடைகளில் ஹோஸ்டிங் கணக்கு பழைய டெவலப்பரின் மெயிலில் இருக்கும், ஓடிபி அவருடைய போனுக்குப் போகும். வேலையை ஒத்துக்கொள்ளும் முன்பே இதைக் கேளுங்கள். முடிந்தால் கணக்கை முதலாளியின் மெயிலுக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் எந்தப் பிஎச்பி பதிப்பு ஓடுகிறது, இதற்கு முன் எது ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். எரர் லாக்கின் (தப்புகளைச் சர்வர் எழுதி வைக்கும் கோப்பு) நகல் ஒன்று. கோப்புகளுக்கும் டேட்டாபேஸுக்கும் தனித்தனியாக பேக்கப். அதை அதே சர்வரில் வைக்காமல் உங்கள் லேப்டாப்பில் இறக்கி வையுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: தப்பான தேதி விழுந்த நாலைந்து பில்களையும், அவை உண்மையில் எத்தனை மணிக்குப் போட்டவை என்பதற்கான சாட்சியையும் வாங்குங்கள். பில்லை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் எல்லாக் கடையிலும் உண்டு. அந்த மெசேஜின் நேரத்தையும் பில்லில் இருக்கும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் நேராக 3ஆம் படிக்குப் போகலாம்.

செலவு: மென்பொருளுக்கு என்று ஒரு பைசா இல்லை. கன்ட்ரோல் பேனல் இருந்தால் பிஎச்பி பதிப்பை மாற்றுவதும் டைம்சோன் (எந்த ஊர் நேரம் என்பது) அமைப்பதும் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். செலவாவது உங்கள் நேரம். லாக் படிக்க அரை மணி, கோடைத் திருத்த ஒரு மதியம் போதும். பழைய டேட்டாவைச் சரிசெய்யச் சொன்னால் அதற்குத் தனியாகக் கூலி பேசிவிடுங்கள். அது எங்கே போய் முடியும் என்று முதல் நாளே சொல்ல முடியாது.

எப்போது செய்வது: மீன் மண்டிக்கு மதியம் அமைதி. லாரி ஆபீஸில் இரவுதான் லோடு ஏறும், அங்கே காலை பத்து மணி நல்ல நேரம். மாதக் கடைசியிலும் மார்ச் 31 அன்றும் கை வைக்காதீர்கள்.

2. வார்னிங்கை மறைக்க வேண்டாம்

பங்ஷன் பெயருக்கு முன்னால் அட் குறியைப் போட்டு வார்னிங்கை அமுக்குவது, எரர் ரிப்போர்ட்டிங்கைச் சுழியாக்குவது, இரண்டும் வேண்டாம். ஏற்கெனவே அப்படிப் போட்டு வைத்திருந்தால் முதல் வேலையாக அதை எடுங்கள். வாடிக்கையாளர் கண்ணில் வார்னிங் படக்கூடாது என்பது நியாயம்தான். அதற்கு பிஎச்பி அமைப்பில் டிஸ்ப்ளே_எரர்ஸை ஆஃப் செய்து, லாக்_எரர்ஸை ஆன் செய்ய வேண்டும். பில் சுத்தமாக இருக்கும், விஷயம் லாக்கில் விழும்.

லாக்கைத் திறந்ததும் கடைசி வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு பக்கத்தை ஒருமுறை திறந்தபோது வந்த வரிகளில் முதல் வரியைத் தேடுங்கள். தேதி வார்னிங் திரையில் அச்சாகிவிட்டால் அதற்கு அப்புறம் ஹெடர் (பக்கத்துக்கு முன்னால் பிரவுசருக்குப் போகும் தகவல்) அனுப்ப முடியாது. அதனால் "ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்" என்று இன்னொரு வார்னிங் வரும், லாகின் வேலை செய்யாது, பிடிஎஃப் பில் திறக்காது. மூன்று பிரச்சினை போலத் தெரியும். முதல் வரியைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் தானாகப் போய்விடும்.

3. டைம்சோனை ஒரே இடத்தில் வையுங்கள்

"சிஸ்டத்தின் டைம்சோனை நம்புவது பாதுகாப்பல்ல" என்ற பொருளில் ஒரு நீளமான வார்னிங் வந்தால் உங்கள் சர்வரில் ஓடுவது பிஎச்பி 5 வரிசை. 5.3 பதிப்பிலிருந்து அது வார்னிங்காக வருகிறது. 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பில் அந்த வார்னிங்கை எடுத்துவிட்டார்கள். டைம்சோன் அமைக்காமல் விட்டால் சத்தமில்லாமல் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் பலரும் ஏமாறுவது. பழைய ஸ்கிரிப்டைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் வார்னிங் காணாமல் போகும், வேலை முடிந்தது என்று நினைப்போம். இந்திய நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5:30 வரை போடும் ஒவ்வொரு பில்லிலும் முந்தைய நாள் தேதி விழும். எம்.சி. ரோட்டுத் துணிக்கடை காலை பத்து மணிக்கு மேல்தான் திறக்கும். அங்கே நேரம் மட்டும் 4:30 என்று காட்டும், யாரும் கவனிக்க மாட்டார்கள். காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும், அங்கே முக்கால்வாசி வியாபாரம் அந்த ஐந்தரை மணி நேரத்துக்குள்தான். "இன்னா தம்பி, நேத்து தேதி போட்டுக்கீது, எவன் துட்டு தருவான்?" என்று அங்கேதான் கேட்பார்கள்.

சரி, எப்படி அமைப்பது. பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் பிஎச்பி டாட் ஐஎன்ஐ கோப்பில் டேட் டாட் டைம்சோன் என்ற வரியைத் தேடி, மதிப்பாக ஏசியா/கொல்கத்தா என்று கொடுங்கள். சர்வர் உங்கள் கையில் இல்லையென்றால், எல்லாப் பக்கமும் சேர்த்துக்கொள்ளும் கான்ஃபிக் கோப்பின் முதல் வரியில் டேட்_டிஃபால்ட்_டைம்சோன்_செட் பங்ஷனை அதே மதிப்போடு கூப்பிடுங்கள். ஒரே இடம் போதும். இருபது கோப்பில் இருபது முறை எழுதி வைத்தால், நாளை ஒன்றில் மட்டும் வேறு மாதிரி இருக்கும்.

இதில் விழக்கூடிய குழிகள் நிறைய. பார்த்து நடங்கள்:

ஏசியா/சென்னை என்று ஒன்று கிடையாது. நம் ஊர் பெயரைப் போட ஆசையாகத்தான் இருக்கும். போட்டால் டைம்சோன் செல்லாது என்று புதிதாக ஒரு வார்னிங் வரும், நேரம் மறுபடி யூடிசிக்கே போகும். பழைய கோடில் ஏசியா/கல்கட்டா என்று இருந்தால் அது பழைய பெயர், பெரும்பாலும் இன்னும் வேலை செய்யும், செய்தால் தொட வேண்டியதில்லை. ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்தைப் போடாதீர்கள். இஸ்ரேல், அயர்லாந்து நேரங்களுக்கும் அதே மூன்றெழுத்துதான்.

பிஎச்பி டாட் ஐஎன்ஐயில் அந்த வரியின் தலையில் ஒரு அரைப்புள்ளி இருக்கும். அது இருக்கும்வரை அந்த வரி வெறும் குறிப்பு. மதிப்பை எழுதிவிட்டு அரைப்புள்ளியை எடுக்க மறந்தால் எதுவும் நடக்காது.

எந்த ஐஎன்ஐ கோப்பு என்பதையும் உறுதி செய்யுங்கள். உபுண்டு சர்வரில் வெப்புக்கு ஒன்று, கமாண்ட் லைனுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். பிரவுசரில் பிஎச்பி இன்ஃபோ பக்கத்தைத் திறந்தால் எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று மேலேயே காட்டும். பார்த்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். சர்வரின் ஜாதகமே அதில் இருக்கிறது. மாற்றிய பிறகு, பிஎச்பியை ஓட்டும் அப்பாச்சியையோ எஃப்பிஎம்மையோ ரீஸ்டார்ட் செய்யாமல் பலன் தெரியாது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் டாட் யூசர் டாட் ஐஎன்ஐ கோப்பில் எழுதினால் ஐந்து நிமிடம் பொறுங்கள். அதை 300 நொடிக்கு ஒருமுறைதான் திரும்பப் படிக்கும் என்பது இயல்பான அமைப்பு. எச்டிஅக்சஸ் கோப்பில் பிஎச்பி_வேல்யூ என்று எழுதும் வழி அப்பாச்சி மாட்யூலாக பிஎச்பி ஓடும் இடத்தில் மட்டும்தான் செல்லும். மற்ற இடத்தில் தளம் மொத்தமும் 500 எரரில் படுத்துவிடும்.

வேர்டுபிரஸ் என்றால் இதில் எதையும் செய்யாதீர்கள். அது தானாகவே உள்ளே யூடிசியில்தான் ஓடும், அதை மாற்றினால் வேறு குழப்பங்கள் வரும். செட்டிங்ஸில் பொது அமைப்பில் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்து, கோடில் டேட்டுக்குப் பதில் டபிள்யூபி_டேட் பயன்படுத்துங்கள்.

4. தேதிக்குள் என்ன வந்து விழுகிறது என்று பாருங்கள்

டேட் பங்ஷனின் இரண்டாவது இடத்தில் எண் வர வேண்டும், எழுத்து வந்திருக்கிறது என்ற புகார் அடுத்து அதிகம் வருவது. 1970 ஜனவரி 1 யூடிசி நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி என்ற எண்ணைத்தான் அது எதிர்பார்க்கிறது. டேட்டாபேஸிலிருந்து வந்த தேதியை அப்படியே தூக்கிக் கொடுத்திருப்பார்கள். பிஎச்பி 7 வரை வார்னிங்கோடு தாண்டிப் போன இடங்களில் சிலவற்றில் பிஎச்பி 8 ஸ்கிரிப்டையே நிறுத்திவிடும். பதிப்பு மாறியதும் வெள்ளைப் பக்கம் வந்தால் இதையும் சந்தேகப்படுங்கள்.

திரையில் தெரியும் தேதியை வைத்தே நோயைச் சொல்லலாம். 01-01-1970, நேரம் 05:30 என்று வந்தால் உள்ளே போன மதிப்பு சுழி, அல்லது ஃபால்ஸ் (இல்லை என்ற மதிப்பு). அந்த 05:30 நம் டைம்சோன் சரியாக இருக்கிறது என்பதற்கான அத்தாட்சியும்கூட. 30-11--0001 என்று ஒரு விசித்திரமான தேதி வந்தால் டேட்டாபேஸில் எல்லாம் சுழியான தேதி உட்கார்ந்திருக்கிறது.

இனி, எழுத்தில் இருக்கும் தேதியை அந்த நொடி எண்ணாக மாற்றும் ஸ்ட்ர்டுடைம். நம்மூர் ஆட்களை அதிகம் படுத்துவது இந்த பங்ஷன்தான். சாய்வுக்கோடு போட்ட தேதியை அது அமெரிக்க வழக்கப்படி மாதம்/நாள்/வருடம் என்று படிக்கும், சிறுகோடு போட்டால் நாள்-மாதம்-வருடம் என்று படிக்கும். நாம் எழுதும் 25/04/2024 அதற்குப் புரியாது, 25ஆவது மாதம் இல்லையே. ஃபால்ஸ் திருப்பித் தரும். அந்த ஃபால்ஸை டேட் வாங்கிக்கொண்டு ஒரு வார்னிங்கும் இல்லாமல் 1970 என்று அச்சடிக்கும். அதாவது பரவாயில்லை, கண்ணில் படும். 05/04/2024 என்று கொடுத்துப் பாருங்கள்: ஏப்ரல் 5 அழகாக மே 4 ஆகிவிடும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளில் போட்ட பில் தேதிகள் இடம் மாறியும், 13ஆம் தேதி முதல் 1970 என்றும் இருந்தால் வேறு எங்கும் தேடாதீர்கள்.

சாய்வுக்கோட்டைச் சிறுகோடாக மாற்றிக் கொடுப்பது குறுக்குவழி, வேலை செய்யும். ஆனால் நான் பரிந்துரைப்பது டேட்டைம் வகுப்பின் கிரியேட்ஃப்ரம்ஃபார்மேட். எந்த வரிசையில் தேதி வருகிறது என்று நீங்களே சொல்லிவிடலாம், அதுவாக ஊகிக்காது. ஃபார்மேட்டின் முதலில் ஓர் ஆச்சரியக்குறி போடுங்கள். போடாவிட்டால் நேரத்துக்கு இப்போதைய மணியை எடுத்துக்கொள்ளும். ஒரே தேதியை இரண்டு முறை படித்து ஒப்பிட்டால் சமமில்லை என்று சொல்லும். இன்னொரு குணமும் அதற்கு உண்டு: 31/02/2024 என்று கொடுத்தால் மறுக்காது, மார்ச் 2 என்று தள்ளிவிடும். கெட்லாஸ்ட்எரர்ஸ் கூப்பிட்டுப் பார்த்தால்தான் தேதி செல்லாது என்ற வார்னிங் அதில் இருக்கும்.

காலியாக விட்ட கட்டமும் கவனம். ஸ்ட்ர்டுடைமுக்கு 'நல்' (null, மதிப்பே இல்லை என்பது) போனால் 8.1 பதிப்பு முதல் "டெப்ரிகேட்டட்" (இனி இப்படிப் பயன்படுத்தாதே) என்ற குறிப்பு வரும். அதைப் போக்க சிலர் நியூ டேட்டைமுக்கு மாறுவார்கள். ஒரு எழுத்தும் இல்லாத காலிச் சரத்தைக் கொடுத்தால் அது இன்றைய தேதியைத் தரும்! பணம் வராத பில்லில் "பணம் வந்த தேதி" என்று இன்றைய தேதி விழுந்தால் முதலாளி உங்களைத்தான் கேட்பார். மதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள்.

5. ஓய்வு கொடுத்த பங்ஷன்கள்

இது சீக்கிரம் முடியும். தேதியை அச்சுக்குத் தயாராக்கும் ஸ்ட்ர்எஃப்டைம் 8.1 பதிப்பில் ஓய்வுப் பட்டியலுக்கு (டெப்ரிகேட்டட்) போய்விட்டது. இப்போதைக்கு ஓடும், லாக்கை நிரப்பும். சதவீதக் குறி போட்ட எழுத்துகளை டேட்டின் எழுத்துகளாக மாற்றுங்கள். மாதப் பெயர் தமிழில் வேண்டும் என்றுதான் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். டேட் ஆங்கிலத்தில் மட்டும்தான் மாதப் பெயர் தரும். பன்னிரண்டு தமிழ்ப் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி மாத எண்ணால் எடுத்துக்கொண்டால் போதும், பில்லுக்கு அதற்கு மேல் தேவையில்லை. மேக்டைமை அடைப்புக்குறிக்குள் ஒன்றுமில்லாமல் கூப்பிட்டிருந்தால் பிஎச்பி 8 நிறுத்திவிடும், டைம் என்று மாற்றுங்கள்.

பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: யூடிசிநவ் 3.12 பதிப்பிலிருந்து ஓய்வுப் பட்டியலில் இருக்கிறது, நவ் பங்ஷனுக்கு டைம்சோனைக் கொடுத்துக் கூப்பிடுங்கள். பைத்தானின் பாண்டாஸ் லைப்ரரியில் பேங்க் ஸ்டேட்மென்ட் படிக்கும்போது "டேஃபர்ஸ்ட்" பற்றி வார்னிங் வந்தால் அது மேலே சொன்ன ஏப்ரல் 5, மே 4 விவகாரமேதான்.

6. டேட்டாபேஸும் கிரானும் தனி ஆட்கள்

பிஎச்பியைத் திருத்தியதால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் திருந்தாது. நவ் என்று கேட்டால் அது தன்னுடைய டைம்சோனில் பதில் சொல்லும். பில்லில் ஒரு நேரம், ரிப்போர்ட்டில் ஒரு நேரம் என்று வருவது இதனால்தான். இணைப்பு ஏற்படுத்தியதும் செட் டைம்_சோன் என்று +05:30 கொடுங்கள். ஊர்ப் பெயரைக் கொடுக்கலாம், ஆனால் அதற்கான அட்டவணைகளைச் சர்வரில் ஏற்றியிருக்க வேண்டும். எண்ணாகக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

கிரான் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) சர்வரின் கடிகாரத்தைப் பார்த்து ஓடும். சர்வர் யூடிசியில் இருந்தால் இரவு 12 மணிக்கு என்று வைத்த டே க்ளோசிங் நமக்குக் காலை 5:30க்குத்தான் ஓடும், அதற்குள் மண்டியில் முக்கால்வாசி வியாபாரம் நடந்திருக்கும். 18:30 என்று வையுங்கள், அதுதான் நம் நள்ளிரவு. கிரான் படிப்பது கமாண்ட் லைன் ஐஎன்ஐ என்பதையும் மறக்காதீர்கள். வெப்பில் சரியாக இருக்கும் ஸ்கிரிப்ட் கிரானில் மட்டும் முரண்டு பிடித்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

7. பழைய டேட்டா

இதில் அவசரம் கூடாது. எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை ஐந்தரை மணி நேரம் தள்ளியிருக்கிறது என்று, 1ஆம் படியில் வாங்கிய பில்களை வைத்து எல்லை குறியுங்கள். பிஎச்பி பதிப்பு மாறிய நாள் பெரும்பாலும் ஒரு முனையாக இருக்கும். அந்த எல்லைக்குள் இருப்பதை மட்டும் திருத்துங்கள். திருத்திய வரிகளுக்கு ஓர் அடையாளம் போடுங்கள், இரண்டாவது முறை ஓடிவிட்டால் பதினொரு மணி நேரம் தள்ளிப் போகும். டைம்ஸ்டாம்ப் வகைப் பத்தி டேட்டாபேஸ் டைம்சோனை மாற்றியதுமே தானாக மாறித் தெரியும், டேட்டைம் வகை மாறாது. எது எது என்று பார்க்காமல் ஒரே கட்டளையை எல்லாவற்றுக்கும் ஓட்டினால் சரியாக இருந்ததும் கெடும்.

கொடுத்துவிட்ட ஜிஎஸ்டி பில்லின் தேதியை நீங்களாக மாற்றாதீர்கள். ஏப்ரல் 1 விடியற்காலை போட்ட பில் மார்ச் 31 என்று விழுந்திருந்தால் அது போன நிதியாண்டுக் கணக்கில் சேர்ந்திருக்கும். பட்டியல் எடுத்து ஆடிட்டரிடம் கொடுங்கள், முடிவு அவருடையது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு) அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் போக வேண்டும். அதற்கு முன்பே அவர் கைக்குப் பட்டியல் போனால் அவருக்கும் நிம்மதி.

8. வார்னிங் வராத தப்புகளைச் சோதிப்பது

லாக் சுத்தமான பிறகு இதைச் செய்யுங்கள். ஃபார்மேட்டில் சின்ன எம் என்பது மாதம், நிமிடத்துக்குச் சின்ன ஐ. மாற்றிப் போட்டிருந்தால் ஏப்ரல் முழுக்க எல்லா பில்லும் 3:04, 4:04, 5:04 என்றே வரும். சின்ன எச் 12 மணிக் கணக்கு, பெரிய எச் 24 மணிக் கணக்கு. லாரி ஆபீஸில் இரவு 9ஐயும் காலை 9ஐயும் பிரித்துச் சொல்ல முடியாத பில் எதற்கு?

ஜனவரி 31 அன்று "ஒரு மாதம் கூட்டு" என்றால் பிப்ரவரியைத் தாண்டி மார்ச்சுக்குப் போய்விடும். வாடகை, தவணைக் கணக்கு இருந்தால் "அடுத்த மாதத்தின் கடைசி நாள்" என்று கேட்கும் வழியைப் பயன்படுத்துங்கள்.

நாள் வித்தியாசத்துக்கு நான் வைக்கும் சோதனை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த இரண்டு தேதியையும் வித்தியாசம் சொல்லும் டிஃப் பங்ஷனுக்குக் கொடுத்து, டி என்ற மதிப்பை எடுத்தால் 30 வரும். ஏனென்றால் அது "ஒரு மாதம் 30 நாள்" என்பதில் இருக்கும் 30. டேஸ் என்ற மதிப்பை எடுத்தால் 60 வரும். முதல் நாளையும் சேர்க்க ஒன்று கூட்டினால் 61. ஐஸ் கம்பெனி ரிப்போர்ட்டில் 30 என்றோ 60 என்றோ வந்தால் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக, ஒருநாள் விடியற்காலை 5:30க்கு முன்னால் உண்மையான பில் ஒன்றைப் போடச் சொல்லி வாட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள். தேதி, நேரம் சரியாக இருந்தால், டைம்சோன் எந்தக் கோப்பில் எந்த வரியில் இருக்கிறது, கிரான் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் வைத்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.